ஆறு, நாலு, மூணு
மைதானத்து டீச்சர் பதில்கள்

போன மாதம் ஓட்டேரி வாசகி ஒருவர், "சாஃப்ட்பாலில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது டீச்சர்?" என்று கேட்டிருந்தார். "டபுள் ப்ளே" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினேன். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வியாசர்பாடியில் 31 வருஷம் பி.டி. டீச்சராக இருந்து பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தவள் நான். பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பந்தின் அளவு மாறும், பிட்சர் வீசும் விதம் மாறும், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே அங்கே 90 அடி, இங்கே 60 அடி. டபுள் ப்ளே கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். இந்த மாதம் முழுக்க அதையே பேசுவோம்.

கேள்வி: கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கு ஒரு விக்கெட்தானே? பேஸ்பாலில் மட்டும் ஒரே அடியில் இரண்டு பேர் எப்படி அவுட் ஆவார்கள்? (கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை)

கிரிக்கெட்டில் ஒருவர் அவுட் ஆன நொடியே பந்து 'டெட்' ஆகிவிடும், தம்பி. அதற்கு மேல் அந்தப் பந்தை வைத்து யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. பேஸ்பாலில் ஒருவர் அவுட் ஆன பிறகும் பந்துக்கு உயிர் இருக்கும். கேரமில் ஒரே அடிக்கு இரண்டு காய் விழுந்தால் இரண்டும் நம் கணக்கில் சேருகிறதே, அந்த மாதிரி. மூன்று அவுட் ஆனால் ஓர் அணியின் முறை முடிந்தது. ஆக, மூன்றில் இரண்டு பங்கு வேலையை ஒரே அடியில் முடிப்பதுதான் டபுள் ப்ளே.

சரி, இரண்டு பேர் எப்படி மாட்டுகிறார்கள்? அதற்கு 'ஃபோர்ஸ்' என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மின்ட்டில் ஷேர் ஆட்டோ ஏறியிருப்பீர்கள். உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவதாக ஒருவர் ஏறினால் டிரைவர் என்ன சொல்வார்? "தள்ளிக் குந்துமா." ஓரத்தில் இருப்பவர் நகர்ந்தே ஆகவேண்டும். அவர் நகர்ந்தால் அடுத்தவரும் நகரவேண்டும். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் தள்ளல் அங்கேயே நின்றுவிடும், அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் அசையத் தேவையில்லை.

பேஸ்பாலில் பேட்டர் நிற்கிற இடம் ஹோம். அங்கிருந்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று மூன்று பேஸையும் சுற்றி மறுபடி ஹோமுக்கு வந்தால் ஒரு ரன். ஒரு பேஸில் ஒருவர்தான் நிற்கலாம். பேட்டர் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடி வருகிறார். அங்கே ஏற்கெனவே நின்ற ரன்னர் செகண்ட் பேஸுக்கு ஓடியே தீரவேண்டும். இப்படி வேறு வழியில்லாமல் ஓடுகிறவரை அவுட் ஆக்க அவர் மேல் பந்தை வைத்துத் தொட வேண்டியதில்லை. அவர் போகிற பேஸைக் கையில் பந்தோடு மிதித்தாலே போதும். செகண்டை மிதித்தால் ஒருவர், உடனே ஃபர்ஸ்டுக்கு வீசினால் இன்னொருவர். அந்த ஷேர் ஆட்டோவை நினைவில் வைத்திருங்கள், இன்னும் இரண்டு கேள்வி தள்ளி அதற்கு வேலை இருக்கிறது.

கேள்வி: ஆட்டத்தின் விவரங்களில் 6-4-3, 4-6-3 என்றெல்லாம் வருகிறது. இது ஸ்கோரா? (பிளஸ் ஒன் மாணவி, கொடுங்கையூர்)

ஸ்கோர் இல்லை, கண்ணு. அது பந்து போன வழி. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரு நம்பர் உண்டு, சட்டையில் இருக்கும் நம்பருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் பேஸ் 4, தேர்ட் பேஸ் 5, செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. வெளி மைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஆக 6-4-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, செகண்ட் பேஸ் ஆளுக்குக் கொடுத்து, அவர் ஃபர்ஸ்டுக்கு வீசினார் என்று அர்த்தம்.

என் பிள்ளைகளுக்கு இது ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது. பந்து தரையில் பட்டதும் வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் "ஆறு! நாலு! மூணு!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலில் 'நாலு' சற்று இழுபட்டால் அவுட் கிடைக்கவில்லை என்று பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஏனென்றால் டபுள் ப்ளே நடுவில் இருப்பவர் கையில் இருக்கிறது. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆரம்பித்த ஷார்ட்ஸ்டாப்பைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். முடித்து வைத்த ஃபர்ஸ்ட் பேஸ் ஆள் கையைத் தூக்கிக் காட்டுவார், கைதட்டல் கிடைக்கும். நடுவில் ஒருத்தி, தன்னை நோக்கி ஓடிவரும் ரன்னருக்கு முன்னால் நின்று, ஒரு பக்கத்திலிருந்து வாங்கி இன்னொரு பக்கம் திரும்பி வீசினாளே, அவளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் என்ன செய்தாள் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பந்து அடிபட்டதும் அவள் பந்தின் பின்னால் ஓடவில்லை, பேஸுக்கு ஓடினாள். கடைசி இரண்டு அடியை மட்டும் சின்னதாக்கிக்கொண்டாள், அப்போதுதான் எந்தப் பக்கம் பந்து வந்தாலும் உடம்பு போகும். இடது கால் பேஸின் மேல். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராக. பந்து க்ளவுக்குள் போய்த் தங்கவே கூடாது. க்ளவில் பட்ட நேரத்திலேயே வலது கை அங்கே இருக்கவேண்டும். வலது காலைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வீச்சு. அமெரிக்காவின் பெரிய லீக் ஆட்டங்களில் வலது கைக்காரர் அடித்துவிட்டு ஃபர்ஸ்டை எட்டச் சுமார் 4.3 விநாடி ஆகும். ஷார்ட்ஸ்டாப் எடுப்பது, நடுவில் மாறுவது, ஃபர்ஸ்டுக்குப் போவது எல்லாம் அந்த 4.3-க்குள் முடிய வேண்டும். எடுப்பதிலும் வீசுவதிலும் ரொம்பவும் மிச்சம் பிடிக்க முடியாது. மிச்சம் பிடிக்கக்கூடிய ஒரே இடம் அந்த நடு மாற்றம்தான்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் பில் மசரோஸ்கி என்று ஒரு செகண்ட் பேஸ்மேன் இருந்தார். 1956-லிருந்து 1972 வரை 17 சீசன். அந்த இடத்தில் நின்று அவர் பங்கெடுத்த டபுள் ப்ளே 1,706. 1966-இல் மட்டும் 161. பந்து அவர் கையில் பட்டதா இல்லையா என்றே தெரியாதாம், அதனால் 'கையே இல்லாதவர்' என்று பட்டப்பெயர். பெரிய லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1960-இல், கடைசி ஆட்டத்தின் கடைசி அடியாக ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அமெரிக்காவில் அந்த ஹோம்ரனைத்தான் இன்னும் பேசுகிறார்கள். என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது 1,706 என்ற எண்ணை.

கேள்வி: மற்ற வழிகளும் உண்டா? எது கஷ்டம்? நான் இடது கைக்காரி, எனக்கு எந்த இடம் சரி? (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

4-6-3 என்பது அதே ஆட்டம், எதிர்ப் பக்கத்திலிருந்து. 5-4-3 தேர்ட் பேஸிலிருந்து ஆரம்பிக்கும், பந்து மைதானத்தின் குறுக்கே வளைந்து போவது பார்க்க அழகு. 1-6-3 பிட்சர் தொடங்குவது. மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது 1-2-3: பிட்சர் எடுத்து ஹோமில் நிற்கும் கேட்சருக்கு, கேட்சர் ஃபர்ஸ்டுக்கு. ஒரு ரன்னையும் தடுத்து இரண்டு அவுட்டும் தரும். பிட்சருக்கு இதைவிட நிம்மதி வேறு இல்லை.

கஷ்டமானது 3-6-3. ஃபர்ஸ்ட் பேஸ் ஆள் பந்தை எடுத்து, ஓடுகிற ரன்னரின் முதுகில் படாமல் செகண்டுக்கு வீசி, மறுபடி தன் பேஸுக்கே ஓடி வந்து காலை வைத்துத் திரும்பி வரும் பந்தை வாங்க வேண்டும். வலது கைக்காரர் வீசுவதற்கு முன் உடம்பு முழுக்கத் திரும்பியாக வேண்டும். இடது கைக்காரருக்கு க்ளவ் மாட்டிய தோள் ஏற்கெனவே செகண்ட் பக்கம் இருக்கிறது, திரும்பாமலே வீசலாம். அதனால் உனக்கு ஃபர்ஸ்ட் பேஸ்தான், மா. கீத் ஹெர்னாண்டஸ் இடது கைக்காரர், ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டத்துக்காக 11 தங்கக் க்ளவ் விருது வாங்கியவர். ஷார்ட்ஸ்டாப், செகண்ட் ஆசை இருந்தால் விட்டுவிடு. அங்கே இடது கைக்கு ஒவ்வொரு வீச்சிலும் ஒரு திருப்பம் அதிகம்.

கேள்வி: டாலஸ் பக்கம் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் ஆட்டம் பார்த்தேன். ஃபர்ஸ்ட் பேஸ்காரர் பந்தை எடுத்து முதலில் தன் பேஸை மிதித்தார், பிறகு செகண்டுக்கு வீசினார். ரன்னர் வருவதற்கு முன்பே பந்து வந்துவிட்டது, பேஸையும் மிதித்துவிட்டார்கள். ஆனாலும் 'சேஃப்' என்றார் அம்பயர். ஏன் அம்மா? (ஐ.சி.எஃப்.பில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், பெரம்பூர்)

ஐயா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது. ஷேர் ஆட்டோவுக்குத் திரும்பி வருவோம். புதிதாக ஏறினவர், "இது நான் போகிற வண்டி இல்லை" என்று இறங்கிவிட்டார். உள்ளே இருப்பவர் இனி நகர வேண்டுமா? வேண்டாம். ஃபர்ஸ்ட் பேஸை முதலில் மிதித்ததும் பேட்டர் அவுட். பின்னால் இருந்து தள்ள யாரும் இல்லை. செகண்டுக்கு ஓடுகிறவர் விருப்பப்பட்டால் ஃபர்ஸ்டுக்கே திரும்பி வந்து நிற்கலாம். ஆகவே அவரை அவுட் ஆக்கப் பேஸை மிதித்தால் போதாது, பந்தை வைத்து அவரைத் தொட வேண்டும். நீங்கள் பார்த்த ஆட்டத்தில் தொடவில்லை. இதை 'ரிவர்ஸ் ஃபோர்ஸ்' என்பார்கள். இப்படிச் செய்வது தெரிந்தே எடுக்கும் முடிவுதான். பந்து பேஸை ஒட்டிக் கிடைக்கும்போது ஒரு அவுட்டை முதலில் உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் செகண்டில் நிற்பவருக்கு "தொடு, தொடு" என்று கத்திச் சொல்ல வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தால், அந்த நேரத்தில் தேர்டிலிருந்து ஓடிவந்தவர் ஹோமைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது. ரிவர்ஸ் ஃபோர்ஸில் மூன்றாவது அவுட் தொட்டுத்தானே வருகிறது? தொடுவதற்கு முன் அவர் ஹோமைக் கடந்துவிட்டால் அந்த ரன் செல்லும்.

இந்த ஒரு விதியால் என் பிள்ளைகள் ஓர் ஆட்டத்தை இழந்திருக்கிறார்கள். எந்தப் போட்டி, யார் அம்பயர் என்பதெல்லாம் வேண்டாம். கடைசி இன்னிங்ஸ், ஒரு அவுட், எங்கள் பிள்ளைகள் ஃபர்ஸ்டிலும் தேர்டிலும். பந்து ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் போனது. அந்தப் பெண் பேஸை மிதித்தாள், செகண்டுக்கு வீசினாள், அங்கே இருந்தவளும் பேஸை மட்டும் மிதித்தாள். அதற்குள் எங்கள் தேர்ட் பேஸ் ரன்னர் ஹோமுக்கு வந்துவிட்டாள். அம்பயர் கையை மடக்கி "அவுட்" என்றார், ரன்னையும் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது, ஒரு ரன்னில் தோல்வி. விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தைக் காட்டினேன். "ஆட்டம் முடிஞ்சுது டீச்சர்" என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது அந்தத் தேர்ட் பேஸ் ரன்னர், "நான் தொட்டேன்ல டீச்சர்?" என்று கேட்டாள். "தொட்ட, கண்ணு" என்றேன். அது ரன்தான். இத்தனை வருஷம் கழித்தும் எழுத்தில் சொல்கிறேன், அது ரன்தான்.

கேள்வி: எங்கள் பள்ளி அணியில் ஷார்ட்ஸ்டாப்பும் செகண்ட் பேஸும் சண்டை போட்டுப் பேசுவதில்லை. ஒருத்தியை மாற்றிவிடலாமா? (உடற்கல்வி ஆசிரியர், திருவொற்றியூர்)

மாற்ற வேண்டாம், சார். சிகாகோ கப்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப் ஜோ டிங்கர், செகண்ட் பேஸ் ஜானி எவர்ஸ், ஃபர்ஸ்ட் பேஸ் ஃபிராங்க் சான்ஸ். அமெரிக்காவில் டபுள் ப்ளே என்றால் இன்றும் இந்த மூன்று பெயர்தான் முதலில் வரும். 1910-இல் ஒரு நியூயார்க் பத்திரிகைக்காரர் இவர்களைப் பற்றி எழுதிய எட்டு வரிக் கவிதையும் அதற்கு ஒரு காரணம். 1907, 1908 இரண்டு வருஷமும் அணி உலகத் தொடரை வென்றது. 1946-இல் மூவரையும் ஒன்றாகவே, பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இதில் டிங்கருக்கும் எவர்ஸுக்கும் பல வருஷம் பேச்சே கிடையாது. களத்துக்கு வெளியே முகம் கொடுத்துப் பேசாதவர்கள், பந்து வந்தால் மட்டும் ஒரே உடம்பு மாதிரி ஆடியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், "பேஸுக்கு யார் போவது" என்று இருவரும் முடிவு செய்திருக்க வேண்டும். அதற்குப் பேச்சு தேவையில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் க்ளவால் முகத்தை மறைத்துக்கொண்டு வாயை மூடிக் காட்டினால் 'நான்', திறந்து காட்டினால் 'நீ'. எதிரணிக்குத் தெரியாது. என் அணியில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதம் வாயைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே ஆடினார்கள். அப்புறம் ஒருநாள் ஆட்டம் முடிந்து பார்த்தால் இரண்டு பேரும் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரே தட்டில் அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: உருண்டு போகும் பந்தில்தான் டபுள் ப்ளே வருமா? கேட்ச்சில் வராதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், காசிமேடு)

நன்றாக வரும், தம்பி. பந்து நேராகச் சீறிக்கொண்டு போகிறது, ஷார்ட்ஸ்டாப் பிடித்துவிட்டார். பேட்டர் அவுட். ஹிட் என்று நினைத்து ஃபர்ஸ்டிலிருந்து நாலு எட்டு ஓடிவிட்ட ரன்னர், கேட்ச் ஆனதால் திரும்பித் தன் பேஸைத் தொட்டாக வேண்டும். அவருக்கு முன்னால் பந்து அங்கே போய்விட்டால் அவரும் அவுட். உயரமாகப் போன பந்தாக இருந்தால் பிடிபடும் வரை பேஸிலேயே காத்திருந்துவிட்டு அப்புறம் ஓடலாம். அப்படி ஓடி ஹோமுக்கு வரும்போது வெளி மைதானத்திலிருந்து வீசி அவுட் ஆக்கினால் அதுவும் டபுள் ப்ளேதான்.

அடிக்காத பந்திலும் ஒன்று உண்டு. அடிக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டால் அது 'ஸ்ட்ரைக்'. பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவுட். அதே பந்தில் ஃபர்ஸ்டிலிருந்து ஒருவர், அடிக்காகக் காத்திராமல், செகண்டைத் 'திருட' ஓடுகிறார், கேட்சர் எழுந்து வீசுகிறார், ஷார்ட்ஸ்டாப் தொட்டுவிடுகிறார். பேட் பந்தில் படவே இல்லை, இரண்டு பேர் நடையைக் கட்டினார்கள்.

கேள்வி: அப்படியென்றால் சுலபமான கேட்ச்சை வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்கலாமே? (வங்கி ஊழியர், ராயபுரம்)

உங்களுக்கு முன்பே நூறு வருஷத்துக்கும் மேலாக இதை யோசித்துவிட்டார்கள். ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள் நிற்கிறார்கள், பந்து மேலே எழும்பி உள் மைதானத்திலேயே இறங்குகிறது. பிடிபடும் என்று ரன்னர்கள் பேஸில் நிற்பார்கள். கீழே விட்டுவிட்டால் எல்லோரும் ஓடியாக வேண்டும், அதற்குள் இரண்டு பேஸையும் மிதித்துவிடலாம். இந்த ஏமாற்றைத் தடுக்கத்தான் 'இன்ஃபீல்ட் ஃப்ளை' விதி. இரண்டுக்கும் குறைவான அவுட், ஃபர்ஸ்டிலும் செகண்டிலும் ஆள், அல்லது மூன்று பேஸிலும் ஆள். இந்த நிலையில் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்து மேலே போனதுமே அம்பயர் கையைத் தூக்கி பேட்டர் அவுட் என்று அறிவித்துவிடுவார். பிடித்தாலும் விட்டாலும் ஒரே கணக்கு, தள்ளுகிற ஆள் இல்லை.

ஃபர்ஸ்டில் மட்டும் ஆள் இருந்தால் இந்த விதி வராது, பேட்டர் ஒழுங்காக ஓடினால் ஃபர்ஸ்டை எட்டிவிடுவார் என்பதால். ஆனால் கையில் பட்டதை வேண்டுமென்றே நழுவ விட்டால் அங்கேயும் பேட்டர் மட்டும் அவுட், பந்து டெட். கையே படாமல் தரையில் விழ விட்டால் தப்பில்லை. எது 'சாதாரண முயற்சி' என்பதில்தான் சண்டை வரும். 2012-இல் அட்லாண்டாவில் ஷார்ட்ஸ்டாப் வெகு தூரம் பின்னால் ஓடிப்போன பந்துக்கு இதை அறிவித்துவிட்டார்கள். ரசிகர்கள் பாட்டிலை வீசி ஆட்டம் 19 நிமிடம் நின்றது.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் நன்றாக அடிப்பாள். போன ஆட்டத்தில் இரண்டு தடவை டபுள் ப்ளே ஆகிவிட்டது. "என்னாலதான் தோத்தோம்" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லட்டும்? (குடும்பத் தலைவி, எண்ணூர்)

அவளுக்கு ஜோ டோரி கதையைச் சொல்லுங்கள், அம்மா. 1971-இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது வாங்கியவர். 1975 ஜூலை 21-ஆம் தேதி மெட்ஸ் அணிக்காக ஆடும்போது ஒரே ஆட்டத்தில் நாலு தடவை டபுள் ப்ளேக்கு அடித்தார். நாலு தடவையும் அவருக்கு முன்னால் ஃபெலிக்ஸ் மில்யான் ஹிட் அடித்து ஃபர்ஸ்டில் நின்றிருந்தார். அதே டோரி பின்னாளில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மேனேஜராகி நாலு உலகத் தொடர்களை வென்று கொடுத்தார்.

பெரிய லீகில் வாழ்நாளில் அதிகத் தடவை டபுள் ப்ளேக்கு அடித்தவர் யார் என்று கேளுங்கள். ஆல்பர்ட் பூஹோல்ஸ், 426 தடவை. அதே மனிதர் அடித்த ஹோம்ரன் 703. ஒரே சீசனில் 36 தடவை, 1984-இல் ஜிம் ரைஸ். அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். இதற்குக் காரணம் உண்டு. நன்றாக அடிக்கிறவர்களைத்தான் பேட்டிங் வரிசையின் நடுவில் போடுவார்கள், அப்போதுதான் பேஸில் ஆள் இருக்கும். பலமாக அடித்த பந்துதான் ஷார்ட்ஸ்டாப்பிடம் சீக்கிரம் போகும், டபுள் ப்ளேக்கு நேரம் கிடைக்கும். மெதுவாகத் தட்டின பந்தில் ஒரு அவுட்டுக்கே அவசரப்பட வேண்டும். உங்கள் மகள் பந்தின் நடுவில் அடிக்கிறாள் என்றுதான் அந்த இரண்டும் சொல்கின்றன. பந்தை ஒரு சாண் தள்ளி அடித்திருந்தால் இரண்டும் ஹிட்.

அடித்த பிறகு நின்று பார்த்தாளா, கடைசிவரை ஓடினாளா என்று மட்டும் கேளுங்கள். ஓடியிருந்தால் அவள் மேல் எந்தக் குறையும் இல்லை. இன்றைக்கு அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போடுங்கள். அடுத்த ஆட்டத்திலும் அவளை அதே இடத்தில் இறக்கச் சொல்லி நானே அவளுடைய பி.டி. சாருக்கு எழுதுகிறேன்.

கேள்வி: செகண்டுக்கு ஓடுகிறவர் அங்கே நிற்பவரைச் சறுக்கி இடித்துத் தள்ளலாமா? டி.வி.யில் பழைய ஆட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். (ஆட்டோ ஓட்டுநர், புளியந்தோப்பு)

முன்பு அதை வீரம் என்று நினைத்தார்கள். டபுள் ப்ளேயைக் கெடுப்பது ரன்னரின் கடமை என்றே சொல்லிக்கொடுத்தார்கள். 2015 அக்டோபரில் ஒரு ப்ளே ஆஃப் ஆட்டத்தில் சேஸ் அட்லி அப்படிச் சறுக்கி, மெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ரூபன் தெஹாடாவின் கால் எலும்பு முறிந்தது. 2016-இல் விதி மாறியது. பேஸுக்கு முன்பே தரையில் இறங்கிச் சறுக்க வேண்டும், கையோ காலோ பேஸை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பேஸிலேயே தங்க முயல வேண்டும், ஆளைத் தேடி வழியை மாற்றக் கூடாது. மீறினால் ரன்னரும் அவுட், பேட்டரும் அவுட். அதே வருஷம், பேஸைச் சரியாக மிதிக்காமல் பக்கத்தில் கால் வைத்தாலே அவுட் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் வீடியோவில் சரிபார்க்க விட்டார்கள்.

என் செகண்ட் பேஸ் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் போனது இப்படித்தான். வந்தவள் பேஸைப் பார்க்கவே இல்லை. இவளோ விழுந்துகொண்டே பந்தை வீசிவிட்டாள். ஃபர்ஸ்டில் அவுட். தூக்கப் போனபோது முதலில் கேட்டது, "போச்சா டீச்சர், பந்து?" என்றுதான். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். அந்த இடத்தில் நிற்கிற பிள்ளையைப் பாதுகாக்க வந்த விதியை "ஆட்டத்தோட காரமே போச்சு" என்று குறை சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

கேள்வி: ட்ரிபிள் ப்ளே உண்டா? (தள்ளுவண்டி வியாபாரி, மூலக்கொத்தளம்)

உண்டு. 1990 ஜூலை 17-இல் மின்னசோட்டா ட்வின்ஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு ட்ரிபிள் ப்ளே செய்தது, இரண்டும் 5-4-3. அப்படியும் 1-0 என்று தோற்றது. யார் உதவியும் இல்லாமல் ஒரே ஆள் மூவரையும் அவுட் ஆக்கியது பெரிய லீகில் மொத்தம் 15 தடவைதான். அதில் ஒன்று 1920 உலகத் தொடரில்.

கேள்வி: எனக்கு 15 வயது. ஷார்ட்ஸ்டாப் ஆகவேண்டும். நாங்கள் நாலு பேர், எங்களிடம் இரண்டு க்ளவ்தான் இருக்கிறது. எப்படிப் பழகுவது? (பத்தாம் வகுப்பு மாணவி, கொருக்குப்பேட்டை)

1943-இல் அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் ஆரம்பித்தார்கள். அதில் டாட்டி ஷ்ரோடர் என்ற பெண் ஷார்ட்ஸ்டாப்பாகச் சேர்ந்தபோது அவளுக்கும் 15 வயதுதான். லீக் 1954-இல் முடியும்வரை 12 சீசனும் ஆடினாள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் சாஃப்ட்பால் மறுபடி வருகிறது. அந்த ஆட்டங்களில் பந்தை விட்டுவிட்டு நடுவில் நிற்கிறவளின் காலைப் பார்.

க்ளவ் இரண்டு இருந்தால் ஒன்றைத் தேர்டுக்குக் கொடுக்காதே, ஃபர்ஸ்டில் நிற்பவளுக்கும் உனக்கும் போதும். செகண்டில் நிற்பவள் இடது கையில் பழைய ஹவாய் செருப்பை மாட்டிக்கொள்ளட்டும், வாரில் விரலை நுழைத்து, அடிப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. டென்னிஸ் பந்து எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பில் பந்து தங்காது, பட்டதும் கீழே விழும். விழாமல் இருக்க வேண்டுமென்றால் வலது கை அங்கேயே காத்திருந்தாக வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு கையும் தானாகச் சேர்ந்து போகும். அமெரிக்காவில் இதற்கென்றே தட்டையான பலகை மாதிரி க்ளவ் வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் செருப்பே போதுமாக இருந்தது.

பேஸுக்குச் சிமென்ட் கோணியில் பாதி மணல் போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு 60 அடி நூல் ஒன்று. நாலாவது ஆள் தரையோடு உருட்டிவிட்டு ஓடட்டும். எல்லோரும் நாலு இடத்திலும் மாறி மாறி நில்லுங்கள், நடு இடத்தில் நிற்காமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. முதலில் நடந்தே செய்யுங்கள், கால் பேஸில், பந்து கையில், திரும்பு, வீசு. அப்புறம் ஓடலாம். முதல் நாள் பத்துக்கு இரண்டு டபுள் ப்ளே சரியாக வந்தாலே அதிகம். பத்துக்கு ஆறு வந்ததும் எனக்கு எழுது, செருப்பு போட்டிருந்தவள் யார் என்பதையும் சேர்த்து.